முதல் சோலோவுக்கு 34 மணி நேரம்

என் லாக்புக்கில் முதல் சோலோ எழுதப்பட்ட வரிக்கு மேலே இருக்கும் டூயல் நேரத்தை, அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரத்தை, கூட்டினால் 34 மணி 10 நிமிடம் வருகிறது. விமானப் பயிற்சிப் பள்ளியில் என்னோடு சேர்ந்தவர்கள் 17, 18, அதிகபட்சம் 20 மணி நேரத்தில் தனியாகப் பறந்துவிட்டார்கள். கூடுதலாகப் போன அந்தச் சுமார் 15 மணி நேரத்துக்கு, மணிக்கு 21,000 ரூபாய் வீதம், 3 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய். நான்கு மாதம் அதிகமாகத் தங்கியதில் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் இன்னொரு 60,000. பணத்தைவிட வலித்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா, "என்னம்மா, இன்னும் தனியா ஓட்ட விடலையா?" என்று கேட்பார். குறை சொல்லும் தொனி இருக்காது, அக்கறைதான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் சிக்னல் சரியில்லை என்று இரண்டு முறை போனை வைத்திருக்கிறேன். எனக்குப் பறக்க வராது என்றே முடிவு கட்டியிருந்தேன். பின்னால் உட்கார்ந்து யோசித்தால், காரணங்கள் ஒவ்வொன்றும் முதல் வாரத்திலேயே சரிசெய்திருக்கக் கூடியவை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி மகாராஷ்டிரத்தில் ஒரு சிறிய விமான நிலையத்தில் போய்ச் சேர்ந்தது ஜூன் மாதம். முதல் தவறே அந்த ஜூன்தான். விமான நிலையத்தில் வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி பறக்க 5 கிலோமீட்டர் பார்வைத் தூரமும் 1,500 அடிக்குக் குறையாத மேகத் தளமும் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அங்கே பல நாள் காலை பத்து மணிக்கும் மேகம் எண்ணூறு அடியில் தொங்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் முடிய எனக்குக் கிடைத்தது 12 மணி நேரம். நடுவில் 19 நாள் ஒரு இடைவெளி, 23 நாள் இன்னொன்று. புதிதாகக் கற்பவருக்கு பத்து நாள் விமானத்தைத் தொடாவிட்டால் அடுத்த சார்ட்டி (ஒருமுறை ஏறிப் பறந்து வருவது) முழுக்க பழைய இடத்துக்குத் திரும்பி வரவே போய்விடும். அதாவது இரண்டு படி ஏறி ஒன்றரைப் படி இறங்குவது, அதற்கும் மணிக்கு 21,000. மழை மாதங்களை வைத்து என்ன செய்யலாம் என்றால், விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளை அந்த நான்கு மாதத்தில் வீட்டிலிருந்தே முடித்துவிட்டு அக்டோபரில் போய்ச் சேரலாம். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாவற்றுக்கும் 70 சதவீதம் வேண்டும். பறந்துகொண்டே படிப்பவர்கள் தேர்வு நெருங்கும்போது பறப்பதை நிறுத்திவிட்டு மறுபடி இடைவெளி வாங்கிக்கொள்வதை என் கண்ணால் பார்த்தேன். அதேபோல் கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனையோடு நிற்காமல், வணிக விமானிக்கான கிளாஸ் 1 முடித்துச் சான்றிதழ் கையில் வந்த பிறகே பெரிய தொகையைக் கட்டுங்கள்.

பணம் கட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் 15 லட்சம் ஒரே தவணையில் கட்டினேன், 'சலுகை' என்றார்கள். கட்டிய பிறகு மாணவர் கையில் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று எழுத்தில் கேளுங்கள், விட்டுப்போனால் பறக்காத மணி நேரத்துக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சேரும் முன் ஒருமுறை நேரில் போய், காலை ஆறு மணிக்கு ஏப்ரனில் (விமானங்கள் நிறுத்தும் தளத்தில்) எத்தனை விமானம் பறக்கத் தயாராக நிற்கிறது என்று எண்ணுங்கள். சிற்றேட்டில் ஆறு இருக்கும். ஒன்று 100 மணி நேரப் பரிசோதனையில், இன்னொன்று உதிரிப் பாகத்துக்குக் காத்துக்கொண்டு, மிச்சம் நான்கு. அதை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் வாரத்துக்கு எத்தனை முறை பறப்பீர்கள் என்று தெரிந்துவிடும். வாரத்தில் மூன்றுக்குக் குறைந்தால் யோசியுங்கள். எரிபொருள் கையிருப்பையும் விசாரியுங்கள். இந்த பிஸ்டன் விமானங்களுக்கு ஏவிகேஸ் 100 எல்எல் என்ற தனி எரிபொருள் வேண்டும். இந்தியன் ஆயில் வதோதராவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியதே 2022 செப்டம்பரில்தான். டேங்கர் தாமதமானால் பயிற்சி அப்படியே நிற்கும்.

இன்னொரு கணக்கு எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நாமே பொறுப்பாக, இருக்க வேண்டும். ஆக, இன்ஸ்ட்ரக்டரோடு பறக்க இருப்பது மீதி 100 மட்டுமே. இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி, இரவுப் பறத்தல், கிராஸ் கன்ட்ரி, செக் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். அதில் 34 மணி நேரத்தை சோலோவுக்கு முன்பே செலவழித்துவிட்டதால் என் கணக்கு 215 மணியில் போய் முடிந்தது.

நவம்பரில் வானம் தெளிந்தது, சர்க்யூட் தொடங்கியது. ரன்வேயைச் சுற்றி 1,000 அடி உயரத்தில் செவ்வகமாக வந்து இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறுவது. டேக் ஆஃப், ஏற்றம், டவுன்விண்ட் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பக்கம்), ரேடியோ எல்லாம் எனக்குச் சரியாகவே வந்தன. கடைசிப் பத்து அடியில் மட்டும் கெட்டுப்போகும். ஒரு நாள் ரன்வேக்கு மேல் எட்டடியில் மூக்கைத் தூக்கி அந்தரத்தில் நின்று தொப்பென்று விழுவேன். அடுத்த நாள் தூக்கவே மறந்து மூன்று சக்கரமும் ஒன்றாக அடிக்கும். எங்கள் பயிற்சி விமானமான செஸ்னா 172இல் மூக்குச் சக்கரம் பட இறங்குவது சாதாரணக் குற்றமல்ல, அதன் தாங்கு காலின் அதிர்ச்சி நேராக இன்ஜினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வால் தகட்டுக்குப் போகும். இரண்டு மூன்று மோசமான துள்ளல்களில் அந்தத் தகடு நெளிந்துவிடும், விமானம் வாரக்கணக்கில் ஹேங்கரில் நிற்கும். அந்த பயமும் சேர்ந்துகொண்டது. நடுவில் இன்ஸ்ட்ரக்டர் மூன்று பேர் மாறினார்கள். ஒருவர் பவரை முன்கூட்டியே இழுக்கச் சொன்னார், அடுத்தவர் தரை தொடும்வரை கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னார். இரண்டும் சரியான முறைகள்தான், ஆனால் பத்து மணி நேரம் ஆனவரின் கையில் இரண்டையும் கலந்தால் எதுவும் ஒட்டாது. ஆரம்பத்திலேயே பயிற்சித் தலைவரிடம் போய், சோலோ வரை எனக்கு ஒரே இன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். நான் கேட்கத் தயங்கினேன்.

மூன்றாவதாக வந்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் பறக்கவே விடவில்லை. ஏப்ரனில் விமானத்தில் உட்காரச் சொல்லி, "முன்னால் டாக்ஸிவேயில் உனக்கு எந்த இடத்திலிருந்து தரை தெரிகிறது?" என்று கேட்டார். சுமார் இருபது மீட்டர் தள்ளி ஒரு கோடு தெரிந்தது, அதைக் காட்டினேன். அவர் இறங்கிப்போய் அதற்கு ஏழெட்டு மீட்டர் முன்னாலேயே நின்று, "என் ஷூ தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை, இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எங்கள் செஸ்னாவான 172எஸ் ரகத்தில் இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு கைப்பிடி உண்டு. இரண்டு விமானங்களில் அது இறுகிப்போயிருந்தது, மற்றவற்றில் முந்தைய மாணவர் வைத்த உயரத்திலேயே நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதாவது ஒவ்வொரு சார்ட்டியிலும் என் கண் வெவ்வேறு உயரத்தில் இருந்திருக்கிறது. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண் கற்றுக்கொள்வதற்குள் அளவுகோலே மாறிவிடும். அன்று மாலையே கடைத்தெருவில் இரண்டு அங்குல கெட்டி ஃபோம் வாங்கி உறை தைத்துக்கொண்டேன், 180 ரூபாய். மூன்று லட்ச ரூபாய்ப் பிரச்சினையில் பாதி அந்த 180 ரூபாயில் தீர்ந்தது என்று நினைக்கும்போது இன்றும் மனது ஆறுவதில்லை.

அளவு இப்படிப் பாருங்கள்: சமமாகப் பறக்கும்போது கையை நீட்டிப் பிடித்தால், இன்ஜின் மூடிக்கும் தொடுவானத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். அந்த உயரம் வந்ததும், தரையில் நிற்கும்போது மூடிக்கு முன்னால் எத்தனை மீட்டர் தரை மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஏறியவுடன் அதை வைத்துச் சரிபார்க்கலாம். இருக்கையை முன்னே தள்ளியதும் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, பூட்டு ஊசி துளையில் விழுந்து பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேக் ஆஃபில் இருக்கை தண்டவாளத்தில் பின்னால் வழுக்கினால் கை தானாக யோக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) பிடித்து இழுக்கும், அது உயிருக்கே ஆபத்து.

அதே ஆசிரியர் சொன்ன ஒரு கணக்கை நான் மறக்க மாட்டேன். ஒரு மணி நேர சர்க்யூட்டில் ஏழு அல்லது எட்டு லேண்டிங் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஃப்ளேர், அதாவது இறக்கத்தை நிறுத்தி விமானத்தைத் தரைக்கு மேல் பிடித்து வைக்கும் அந்தக் கட்டம், ஆறு விநாடி. எட்டு ஆறு நாற்பத்தெட்டு. 21,000 ரூபாய்க்கு நான் உண்மையில் பழகியது 48 விநாடி! அதுவரை சர்க்யூட்டில் போன 14 மணி நேரத்துக்கும் சேர்த்தால் பதினோரு நிமிடம். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள், பழக கை வைக்க நேரமே இல்லையென்றால் எப்படி வரும்? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதியில்) வந்து, தரையைத் தொடாமல், கொஞ்சம் பவர் வைத்து 65 நாட் வேகத்தில் ரன்வேக்கு மேல் நாலைந்து அடியில் நேராகப் பறந்துகொண்டே போவது. பாதி ரன்வே முடிந்ததும் முழு பவர் கொடுத்து ஏறிவிடுவது. 65 நாட் என்றால் விநாடிக்கு 33 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு முப்பது விநாடி. ஐந்து லேண்டிங்கில் கிடைக்கும் பார்வை ஒரே சுற்றில் கிடைத்துவிடும். இதை இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது, நீளமான ரன்வேயில், காற்று அடங்கிய அதிகாலையில், டவரிடம் சொல்லிவிட்டு மட்டுமே செய்ய வேண்டும். நீங்களாகவே வாயைத் திறந்து கேளுங்கள், பெரும்பாலான இன்ஸ்ட்ரக்டர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அப்படிப் போகும்போதுதான் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது பிடிபட்டது. ஃபைனலில் ரன்வேயில் ஒரு புள்ளியைக் குறிவைக்கிறோம். கண்ணாடியில் அது மேலே நகர்ந்தால் நாம் முன்னாலேயே விழப்போகிறோம், கீழே நகர்ந்தால் தாண்டிப்போகிறோம், அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் சரி. நான் செய்த தவறு, தரை நெருங்கிய பிறகும் அந்தப் புள்ளியையே வெறித்தது. பக்கத்துத் தரை வேகமாகப் பின்னால் ஓடி மறைவதால் உயரம் தெரியாது, பயத்தில் கை சட்டென்று இழுத்துவிடும். சுமார் இருபது அடியில் பார்வையை ரன்வேயின் மறுமுனைக்கு எடுத்துப்போக வேண்டும். இரண்டு ஓரமும் கடைக்கண்ணில் அகன்று மேலே எழும்பி வருவது போல் தெரியும், அந்த எழும்பல்தான் உயரத்தைச் சொல்கிறது. கை அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, பவரை மூடி, மூக்கு தொடுவானத்தை மறைக்கும் அளவு வந்ததும் அங்கேயே பிடித்து வைத்தால், ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போகிறது என்னும் ஒலி) ஊளையிடும்போது பின்சக்கரங்கள் தாமாகத் தொடும். வேறு ஊருக்குப் போகும்போது ரன்வேயின் அகலத்தை முன்கூட்டியே பாருங்கள். 30 மீட்டர் ரன்வேயில் பழகிய கண் 45 மீட்டர் ரன்வேயைப் பார்த்தால் நாம் தாழ்ந்துவிட்டதாக நினைத்து உயரத்திலேயே ஃப்ளேர் செய்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் வேகம் தப்பினால் வீண். பயத்தில் நான் 75 நாட் வைத்துக்கொண்டு வருவேன், 65 இருக்க வேண்டிய இடத்தில். பத்து நாட்தானே என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அது 33 சதவீதம் கூடுதல் ஆற்றல். ஃப்ளேரில் கொஞ்சம் இழுத்தாலே விமானம் மறுபடி மேலே எழும்பும், இல்லாவிட்டால் மிதந்துகொண்டே போகும். 172எஸ் ரகத்தில் நான் கடைசியில் நிலைப்படுத்திக்கொண்ட வரிசை இது: டவுன்விண்டில் 90 நாட்; ரன்வே முனைக்கு நேரே வந்ததும் பவரை 1,500 ஆர்பிஎம்முக்குக் குறைத்து, 110 நாட்டுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து 10 டிகிரி ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு); 85 நாட்டுக்குக் கீழே வந்து பேஸில் (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பக்கத்தில்) 20 டிகிரி, 75 நாட்; ஃபைனலில் முழு ஃப்ளாப், 65. ஒவ்வொரு படியிலும் வேகம் நிலைத்ததும் ட்ரிம் செய்து, அதாவது யோக்கில் அழுத்தம் தேவைப்படாதபடி சரிசெய்து, கையை எடுத்தாலும் அதே வேகத்தில் பறக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த படி. நான் ட்ரிம் செய்யாமல் வலுவால் பிடித்துக்கொண்டு வந்தேன், அப்படிப் பிடித்த கைக்கு ஃப்ளேரின் மெல்லிய அழுத்தம் உறைக்காது. பேனாவை நடுவிரலுக்கு மேலும் பக்கத்து இரண்டு விரல்களுக்குக் கீழுமாகச் செருகிக்கொண்டு யோக்கைப் பிடியுங்கள். இறுக்கினால் விரல் வலிக்கும், தானாகத் தளர்த்திவிடுவீர்கள்.

300 அடியில் வேகமோ பாதையோ நிலைக்கவில்லையென்றால் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி ஏறிவிடுவது. நான் இதைத் தோல்வியாக நினைத்து, கெட்ட அப்ரோச்சைக் காப்பாற்றப் பார்த்தே பல லேண்டிங்கைக் கெடுத்தேன். துள்ளிய பிறகு மூக்கை அமுக்கித் தரையில் ஒட்டப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம், அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக வரும். முழு பவர் கொடுத்ததும், 65க்கு ட்ரிம் செய்த விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கும். பலமாக முன்னே தள்ளிப் பிடித்து, வலது ரடர் பெடலை அழுத்தி, ஃப்ளாப்பை உடனே 20க்கு எடுத்து, 60 நாட்டில் ஏறி, மிச்சத்தைப் படிப்படியாக எடுக்க வேண்டும். ஒரேயடியாக முழு ஃப்ளாப்பையும் மடக்கினால் விமானம் அமிழும்.

இந்த வரிசைகளைத் தரையில் பழகுவதற்குக் காசு இல்லை. விடுதிச் சுவரில் காக்பிட் படத்தை ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு, எவர்சில்வர் தட்டை யோக்காகவும் டார்ச் லைட்டை த்ராட்டிலாகவும் பிடித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்து சர்க்யூட். போன் டைமர் வைத்து, நிஜ சர்க்யூட்டைப் போலவே ஏழெட்டு நிமிட வேகத்தில். அறைத் தோழி முதலில் பயந்தாள், மூன்றாம் நாள் அவளே ஏடிசியாக (விமானக் கட்டுப்பாட்டாளராக) உட்கார்ந்து எதிர்பாராமல் "கோ அரவுண்ட்" என்று சொல்லத் தொடங்கினாள். அது உண்மையிலேயே உதவியது. கைக்கு வரிசை பழகிவிட்டால் மேலே போகும்போது மூளை முழுவதும் வெளியே பார்ப்பதற்குக் கிடைக்கிறது.

பிப்ரவரியில் ஒரு காலை, மூன்று லேண்டிங் முடிந்ததும் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கினார். பெல்ட்டை காலி இருக்கையின் மேல் கட்டிவிட்டு, "80 கிலோ குறைகிறது, சீக்கிரம் ஏறும், இறங்கும்போது கொஞ்சம் மிதக்கும்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே கிராஸ்விண்ட் (ஏறியதும் வரும் முதல் குறுக்குப் பக்கம்) திரும்பி முடிப்பதற்குள் 1,000 அடி வந்துவிட்டது, பவரை முன்கூட்டியே குறைக்க வேண்டியிருந்தது. இறங்கியது நல்ல லேண்டிங். அப்பாவுக்கு நானே போன் செய்தேன், இருவருமே அதிகம் பேசவில்லை.

சோலோவுக்குப் பின் உடனே பழக வேண்டியது பக்கக் காற்று. காற்று ரன்வேக்கு 30 டிகிரி சாய்வில் வந்தால் அதன் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும், 45இல் பத்துக்கு ஏழு, 60இல் பத்துக்கு ஒன்பது. 172இல் சோதித்துக் காட்டப்பட்ட அளவு 15 நாட். ஆரம்பத்தில் ஐந்தோடு நிறுத்திக்கொண்டு இன்ஸ்ட்ரக்டரோடு மெதுவாகக் கூட்டுங்கள். ஏப்ரல், மே மதியத்தில் சர்க்யூட் கேட்காதீர்கள். 1,000 அடி உயரத்தில் உள்ள விமான நிலையத்தில் 40 டிகிரி வெயில் என்றால், விமானத்துக்கு அது 4,200 அடி உயரத்தில் இருப்பது போல. ஏற்றம் சோம்பும், அதே 65 நாட் முள்ளில் காட்டினாலும் தரையில் ஆறு சதவீதம் வேகமாக வருவீர்கள். காலை ஆறரை மணி சார்ட்டிக்கு முதல் நாள் மாலையே பெயர் எழுதிவிடுங்கள்.

பின்னால் இரட்டை இன்ஜின் பயிற்சிக்கு வேறு ஊருக்குப் போனபோது பையில் அந்த ஃபோமும் வந்தது. புது விமானத்தில் ஏறி, செக்லிஸ்டைத் திறப்பதற்கு முன், கையை நீட்டி நான்கு விரலை அளந்தேன். ஒன்றரை விரல்தான் இருந்தது. ஃபோமைப் போட்டுக்கொண்டேன்.